பெயர் சொன்னால் நின்றுவிடும்

மணியாரம்பட்டி பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறையைப் பத்தொன்பது வருஷமாகக் கழுவித் துடைத்துக் காவல் காத்துவந்த நாகரத்தினம் தன் ஐம்பத்தாறாவது வயதில் முதன்முதலாக ஒரு செல்போன் வாங்கினாள் என்பதும், வாங்கிய மறுநாள் விடிகாலை ஐந்து இருபதுக்கு அது அவள் தலைமாட்டில் கிடந்து உறுமத் தொடங்கியது என்பதும், எடுத்துப் பார்த்தால் அழைப்பும் இல்லை, செய்தியும் இல்லை, அலாரமும் இல்லை என்பதும் இன்றைக்கு அந்த ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அன்றைக்கு அது ஒரே ஒருத்தியின் தலைவலியாகத்தான் இருந்தது. அவள் செல் பழுதுபார்க்கும் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பத்தின் கடை பேருந்து நிலையத்தின் கிழக்கு வரிசையில், மாசானமுத்து அண்ணாச்சியின் டீக்கடையை ஒட்டி, இரண்டு கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் இருந்தது. மெட்ராஸ் பக்கத்து செல்போன் கம்பெனியில் பத்து வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள் அவள். கம்பெனி மூடியபோது மற்றவர்கள் அழுதுகொண்டு பெட்டி கட்டினார்கள், இவள் பத்து வருஷத்தையும் பத்து விரலில் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். பொம்பளை என்னத்தைப் பார்த்துவிடப் போகிறாள் என்று ஆரம்பத்தில் இளக்காரம் பேசிய கடைவீதி ஆண்பிள்ளைகளெல்லாம், பிறகு தண்ணீரில் விழுந்த செல்லை அரிசிப் பானைக்குள் புதைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தலையைச் சொறிந்துகொண்டு அவள் கடை வாசலில்தான் வந்து நின்றார்கள். பதினொரு வருஷத்தில் ஒரு செல்லைக்கூட அவள் முடியாது என்று திருப்பிக் கொடுத்ததில்லை. அதில் அவளுக்கு நல்ல திமிர் உண்டு, அந்தத் திமிர் அவளுக்கு அழகாகவும் இருந்தது.

நாகரத்தினத்துக்கு அந்த செல்லை விற்றதும் அவள்தான். இரண்டாங்கை செல் என்றாலும் பிரித்து மேய்ந்து, துடைத்து, புதுக் கண்ணாடி போட்டு, "இதுக்கு நான் பொறுப்பு, அக்கா" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதனால் நாகரத்தினம் பினாயில் வாசத்தோடு கடைவாசலில் வந்து நின்று, "தங்கச்சி, யாருமே கூப்பிடாம இது கூப்பிடுது தாயி, என்னன்னு பாரு" என்றபோது, தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது.

முதலில் அவள் எல்லாரும் செய்வதைச் செய்தாள். அமைப்புகளுக்குள் புகுந்து அதிர்வு என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் அடைத்தாள். மறுநாள் விடிகாலை ஐந்து இருபதுக்கு செல் உறுமியது. அணைத்துப் போட்டாள், அணைந்தபடியே உறுமியது. சிம்மை உருவினாள், உள்ளிருந்த சகலத்தையும் அழித்து அதைப் பச்சைப்பிள்ளை ஆக்கினாள், பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்தாள், கடைசியில் சூடு காட்டி அதிர்வு மோட்டாரையே பெயர்த்து எடுத்தாள். துவரம்பருப்பு அளவுகூட இல்லாத அந்த மோட்டாரைத் தீப்பெட்டிக்குள் போட்டு, தீப்பெட்டியை அலமாரிக்குள் வைத்து, அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுநாள் தானே விடியுமுன் கடைக்கு வந்து, வெறுங்கூடாகக் கிடந்த செல்லை ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஐந்து இருபதுக்கு அது தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

பேட்டரியும் மோட்டாரும் இல்லாமல் ஒரு செல் அதிர்வது நடக்காத காரியம் என்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்து, நீ நடக்கமாட்டாய் என்று சண்டை பிடிப்பது மெக்கானிக் வேலை இல்லை. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தட்டு கிடுகிடுக்கிற சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து கையில் வடிகட்டியோடு மாசானமுத்து அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"தங்கம், இது ரிப்பேர் இல்ல. யாரோ நினைக்காவ."

"செல்லப் போயா நினைக்காவ, அண்ணாச்சி?"

"செல்லுக்குரியவள நினைக்காவ. மனுசனுக்கு விக்கல் எடுக்குல்லா. ராவும் பகலும் மனுசன்கூடவே கெடக்குத செல்லுக்கு எடுக்கப்படாதா? பேரைச் சொல்லிப் பாரு, நிக்கும்."

அந்தப் பக்கத்தில் இது யாருக்கும் புதுசில்லை. சோறு புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லாத வீடு கிடையாது. விக்கல் நிற்காவிட்டால் தெரிந்தவர் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பார்கள், நினைத்தவர் பேர் வந்த நிமிஷம் விக்கல் அடங்கிவிடும். எல்லா வழியும் அடைபட்டுப்போன தங்கபுஷ்பம், செலவில்லாத வைத்தியம்தானே என்று நாகரத்தினத்தைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

நாகரத்தினம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தட்டின் முன்னால் குனிந்து, "ஒச்சப்பன்" என்றாள். அவள் கொழுந்தன், உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறான். செல் நிற்கவில்லை. "செல்லக்கண்ணு" என்றாள், நாத்தனார். நிற்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, "ரோசலின் டீச்சர், ஒண்ணாப்பு எடுத்தவுக. இருக்காகளோ இல்லையோ" என்றாள். செல் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. நாகரத்தினம் நிமிர்ந்தாள்.

"அம்புட்டுத்தான்" என்றாள்.

"வேற யாருக்கா, யோசிச்சுப் பாருங்க."

"வேற ஆளு ஏது தாயி? ரோடு போட வந்த எம் மனுசன் இங்ஙன செத்தாரு, நான் இங்ஙனயே நின்னுட்டேன். செத்தவுக பேரு இதுக்குச் சேராதுல்ல?"

உலகத்தில் தன்னை நினைக்கக்கூடியவர்கள் என்று அவளால் சொல்ல முடிந்தது மூன்றே பேர், அதிலும் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பது சந்தேகம். அதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை, பைப்பில் தண்ணீர் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் செல் தானாக அடங்கியது. நாகரத்தினம் அதை இரண்டு கையாலும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, இதை நிறுத்தித் தரச் சொல்லித்தான் வந்தேன். இப்பம் வேணாம். என்னையும் நினைக்க ஒரு உசுரு இருக்குன்னா, அது யாருன்னு மட்டும் எனக்குக் கண்டுபிடிச்சுச் சொல்லு. அது தெரியாம நான் செத்தா என் கட்டை வேகாது."

"கண்டுபிடிச்சுத் தாரேன், அக்கா. இது என் வேலை" என்றாள் தங்கபுஷ்பம்.

அண்ணாச்சி சொன்னது மெய்தான் என்பது மறுநாளே நிச்சயமாகிவிட்டது. மத்தியானம் இரண்டு பத்துக்கு, குழம்பைத் தாளித்துக்கொண்டே தங்கபுஷ்பம் நாகரத்தினத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். அதே இரண்டு பத்துக்குக் கழிப்பறை வாசலில் செல் துடித்திருக்கிறது, நாகரத்தினம் சும்மா வாய்க்கு வந்தபடி "தங்கம்" என்றிருக்கிறாள், அது பட்டென்று நின்றிருக்கிறது. ஆக, பேர் சொன்னால் நிற்கும். ஐந்து இருபதுக்கு உரிய பேர்தான் கிடைக்கவில்லை.

பேர்கள் மொத்தமாகக் கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. மாசானமுத்து அண்ணாச்சி நாலு தேர்தலில் பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தவர், மணியாரம்பட்டியின் வாக்காளர் பட்டியல் முழுசும் அவர் டீக்கடைப் பரணில் கிடந்தது. எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஐந்து இருபதுக்கு ஆரம்பித்தால் செல் சுமார் அரைமணி நேரம் அதிரும், அதற்குள் எவ்வளவு வாசிக்க முடியுமோ அவ்வளவு, மிச்சம் மறுநாள் என்று தீர்மானமாயிற்று. டீக்கடை மேஜையில் எவர்சில்வர் தட்டு, தட்டில் செல், எதிரே பட்டியலைப் பிரித்துக்கொண்டு அண்ணாச்சி.

முதல் நாள் டீ குடிக்க வந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். இரண்டாம் நாள் பள்ளிக்கூடத் தெருக்காரர்கள் தங்கள் தெரு வருகிறது என்று கேள்விப்பட்டு வந்தார்கள். மூன்றாம் நாள் மேலத்தெருப் பெண்கள் குளித்து முழுகிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள், தன் பேர் வாசிக்கப்படுகிற நேரத்தில் தலை கலைந்திருக்கக் கூடாது என்று. பம்பாயில் இருப்பவர்கள் வீடியோவில் வந்து காத்துக்கிடந்தார்கள். பட்டியலில் இன்னும் நீக்கப்படாமல் கிடந்த செத்தவர்களின் பேரையும் அண்ணாச்சி விடாமல் வாசித்தார், அப்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஊரே தட்டைப் பார்த்தது, ஒவ்வொரு பேருக்கும் செல் அசராமல் உறுமியது, அந்தப் பேருக்குரியவர் கொஞ்சம் ஏமாந்து, அடுத்த பேர் பக்கத்து வீட்டுக்காரனுடையது என்றால் அவனுக்கும் நிற்காததில் கொஞ்சம் தேறி, டீயைக் குடித்துவிட்டுப் போனார். மணியாரம்பட்டியில் நடக்கிறது தெரியுமா என்று டிரைவரும் கண்டக்டரும் பேச்சைத் தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பன்னீர்க்குளத்துக்காரர்கள் வயிறெரிந்து, தங்கள் ஊர்க் கழிப்பறைக்காரிக்கும் ஒரு செல் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். அது ரீசார்ஜ் செய்யச் சொல்லித்தான் அதிர்ந்தது.

எட்டாம் நாள் விடிகாலை பட்டியல் முடிந்தது. கடைசிப் பேரும் வாசித்தாயிற்று, செல் நிற்கவில்லை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம ஊர்க்காரவ இல்ல போலுக்கே" என்று யாரோ சொல்ல, கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டு கலையப் போனது. தங்கபுஷ்பம் மேஜைமேல் கையை ஊன்றி எழுந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க. இந்த செல்லு அக்கா கையில வந்து மூணு வாரம் ஆகுது. விடியக்காலம் அரைமணி நேரம் அடிக்கு. அது போக ஒருநாள் மத்தியானம் அடிச்சிது, அது நான் நினைச்சது. மீதி நேரம் பூராவும் இது கல்லு மாதிரி கெடக்கு. அது ஏன்னு யாராவது யோசிச்சியளா?"

விஷயம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. எட்டு நாளாக ஊரே செல்லைத்தான் நினைத்தது. தட்டை நினைத்தது, தன் பேரை நினைத்தது, பன்னீர்க்குளத்துக்காரன் வயிறெரிவதை நினைத்தது. அந்த செல்லுக்குரியவளை ஒருத்தரும் நினைக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அவசரத்தில் அவளிடம் ஓடிவந்தவர்கள், ஆசுவாசமாகத் திரும்பும்போது அவள் முகத்தைப் பார்க்காமலே போனவர்கள், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். நாகரத்தினம் தட்டிலிருந்த செல்லை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்று காலை ஒன்பதரைக்கு செல் துடித்தது. பத்துக்குத் துடித்தது. மத்தியானத்துக்குமேல் நிற்கவே இல்லை. சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்காரர் கழிப்பறை வாசலில் வந்து தயங்கி நின்று, "அக்கா, ஒன்பதரைக்கு நினைச்சது நான்தான். பிள்ளைக்கு வயித்தால போன அன்னைக்கு நீங்க அலசிக் குடுத்தியளே, ஒரு வார்த்தை சொல்லாமப் போனேன்" என்றார். பிறகு அதுவே ஊர் வழக்கமாகிப்போனது. நாகரத்தினத்தை நினைத்தவர் நினைத்ததோடு நிறுத்தக்கூடாது, வந்து பேரைச் சொல்லி செல்லை அமர்த்திவிட்டுப் போகவேண்டும், இல்லையென்றால் அக்காவுக்கு இடுப்பில் குறுகுறுவென்று இருக்கும் என்று ஊரே ஒரு மரியாதையை ஏற்படுத்திக்கொண்டது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பேரைச் சொன்னார்கள். நினைக்காமலே நினைத்ததாகப் பொய் சொன்ன ஒன்றிரண்டு பேர் பேரைச் சொல்லியும் செல் நிற்காமல் மாட்டிக்கொண்டார்கள். ஒருநாளும் வராத விருந்தாளி வாசலில் வந்து நின்றதுபோல நாகரத்தினம் ஆரம்பத்தில் கூச்சப்பட்டாள், பிறகு ஒவ்வொருவரையும் முகம் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு இவ்வளவு நல்ல பல்வரிசை இருப்பது ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் தங்கபுஷ்பம் சொன்ன வார்த்தை பாக்கி நின்றது. இப்போது ஐந்து இருபதுக்கு செல் அதிர்ந்தால் அது அந்தப் பழைய நினைப்பா, அல்லது பால் கறந்துகொண்டே அக்காவை நினைக்கிற மணியாரம்பட்டிக்காரர் யாராவதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பழுது பார்க்கிறவள் அவள், கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் சந்தேகப்பட்ட ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துக்கொண்டே போவாள், கடைசியில் மிஞ்சுவதில்தான் விஷயம் இருக்கும். அதனால் நாளை விடிகாலை ஒரு அரைமணி நேரத்துக்கு மட்டும் ஊரில் ஒருத்தரும் நாகரத்தினம் அக்காவை நினைக்கக் கூடாது என்று கடை கடையாகச் சொல்லிவிட்டாள். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று சொன்ன கதைதான். மறுநாள் ஐந்து இருபதுக்கு ஊர் மொத்தமும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அக்காவை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டதில், செல் தட்டைவிட்டு எகிறிக் குதித்து, டீ கிளாஸ் கழுவுகிற தொட்டிக்குள் விழுந்து, தண்ணீருக்குள்ளும் துள்ளியது.

சரி, நினைக்காமல் இருக்க முடியாவிட்டால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று தங்கபுஷ்பம் மறுநாளைக்கு வழியை மாற்றினாள். நினைக்காமல் இருக்க முடியாதவர்களெல்லாம் ஐந்து இருபதுக்கு வரிசையில் நிற்கவேண்டும், தட்டைத் தாண்டும்போது அவரவர் பேரை அவரவரே சொல்லிக் கழித்துவிட்டு, டீக்கடையில் சத்தமாக வைத்திருக்கிற ரேடியோவுக்குக் காதைக் கொடுத்து வேறு நினைப்புக்குப் போய்விடவேண்டும். வரிசை பெட்ரோல் பங்க் வரைக்கும் நீண்டது. ஒவ்வொரு பேருக்கும் செல் ஒரு பங்கு தணிந்தது. ஐந்து நாற்பதுக்கு வரிசையும் தீர்ந்தது, தங்கபுஷ்பமும் தன் பேரைச் சொன்னாள், அண்ணாச்சியும் சொன்னார். தட்டில் ஒரே ஓர் அதிர்வு மிஞ்சியது.

தங்கபுஷ்பம் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். பத்து வருஷம் நாளொன்றுக்கு ஆயிரம் செல்லைத் தொட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொன்ன கை அது. மோட்டார் அதிர்வு ஒரே சீராக இருக்கும், இது சீராக இல்லை. இரண்டு இரண்டாக வந்தது. தட், தட் என்று மாறி மாறி, ஒன்று அழுத்தமாகவும் ஒன்று கொஞ்சம் இலேசாகவும் வந்தது, நடுவில் வேகம் பிடித்தது, பிறகு மூச்சு வாங்கித் தணிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள்.

"அக்கா, யாரோ ஓடுதாவ" என்றாள். "ஓடிக்கிட்டே உங்கள நினைக்காவ. லேசான ஆளு. வலது காலை ஊன்றதுல பலம் ஜாஸ்தி. பொம்பளப் பிள்ளையா இருக்கும்."

நாகரத்தினம் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு இருபது வண்டி" என்றாள். "தூத்துக்குடி போற மொத வண்டி."

பிறகு சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முந்தி ஒரு விடிகாலை, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பெண் தனியாக இறங்கிக் கழிப்பறைக்குள் ஓடி, கதவைத் தாழ்ப்போட்டுக்கொண்டு அழுதிருக்கிறாள். தூத்துக்குடியில் போலீஸ் தேர்வுக்கு ஓடப் போகிற பிள்ளை. வருகிற வழியிலேயே மாதவிலக்கு வந்து உடுப்பெல்லாம் கறையாகிவிட்டது, மாற்று உடுப்பு இல்லை, வயிற்றுவலி வேறு, இனி ஓடவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கே திரும்பிப் போகிறேன் என்று உள்ளிருந்தே தேம்பியிருக்கிறாள். நாகரத்தினம் பெண்கள் பக்கத்தை அடைத்து, யாரும் வராதபடி வெளியே வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்து, துணி கொடுத்து, கறையை அலசி இஸ்திரிக் கடைக் கரிப்பெட்டியில் காயவைத்து, டீயும் பன்னும் வாங்கி ஊட்டாத குறையாகத் தின்னவைத்து, அஞ்சு இருபது வண்டியில் ஏற்றிவிட்டாள்.

"அழுதுக்கிட்டே ஏறுச்சு. வண்டியத் தட்டி, 'ஓடு ஆத்தா, பின்னால பாக்காம ஓடு'ன்னேன். அம்புட்டுத்தான். ஜெயிச்சுச்சா இல்லையான்னுகூடத் தெரியாது."

"பேரு என்னக்கா?"

"கேக்கலையே."

"பேரு கேக்காமலா இவ்வளவும் செஞ்சிய?"

"கக்கூசுக்கு வர்றவுககிட்டப் பேரு கேக்கக் கூடாது தாயி" என்று நாகரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். "வெளிய பாத்தாலும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கக் கூடாது. உள்ள எப்படி வந்தாக, எப்படி இருந்தாக, எல்லாம் உள்ளயே கழுவி விட்டுறணும். அதுதான் இந்த வேலைக்கு மரியாதை. பத்தொம்பது வருசத்துல ஒரு ஆளு பேரு நான் கேட்டதில்லை."

இத்தனை வருஷமாக இவள் யார் முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்காததற்குக் காரணம் கூச்சமும் அல்ல, பயமும் அல்ல, தொழில் கௌரவம் என்று தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் புரிந்தது. தன்னைவிடத் திமிர் பிடித்த ஒருத்தியை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாள், கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

பிறகு ஊர் சும்மா இருக்குமா. மாசானமுத்து அண்ணாச்சியின் மருமகளுக்கு அண்ணன் திருநெல்வேலியில் ஏட்டாக இருந்தார். அவரிடம் சொல்லி, அந்த வருஷம் தேர்வான பெண் போலீசாரிடம் ஒருவர்வழி ஒருவராக விசாரிக்கச் சொன்னார்கள். பதினாறாம் நாள் பதில் வந்தது. ஒரு பெண், இப்போது மாநில அளவில் ஓட்டப் பந்தயத்தில் மெடல் வாங்குகிற பெண், ஆமாம் நான்தான் என்று சொல்லியிருக்கிறாள். தினமும் விடிகாலை ஐந்து இருபதுக்குத்தான் பயிற்சிக்கு இறங்குவேன், மணியாரம்பட்டி பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ் அக்காவை நினைத்துக்கொண்டுதான் முதல் அடி வைப்பேன், ஓடி முடிக்கிறவரை அவள் வண்டியைத் தட்டுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும், அவள் பேர்கூட எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். ஏட்டு அவள் பேரை எழுதி அண்ணாச்சிக்கு அனுப்பிவிட்டார்.

அண்ணாச்சி அந்தப் பேரை யாருக்கும் சொல்லவில்லை, நாளைக் காலை அக்கா முன்னால்தான் சொல்வேன் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் விடியுமுன் பேருந்து நிலையத்தில் எள் போட்டால் எள் விழாது. நாலு வேட்டு வாங்கி வைத்திருந்தார்கள், பேர் சொன்னதும் செல் நிற்கும், நின்றதும் வெடி போடவேண்டும் என்று ஏற்பாடு. டிரைவர்கள் வண்டியை எடுக்காமல் படியில் நின்றார்கள். பன்னீர்க்குளத்திலிருந்தும் வெட்கத்தை விட்டுவிட்டு ஒரு வேனில் ஆள் வந்திருந்தது. ஊர்க்காரர்கள் முகமெல்லாம், சொந்தத்தில் ஒரு பிள்ளை கலெக்டரானதுபோல ஜொலித்தது. வந்தவர்களெல்லாம் வரிசையில் வந்து தங்கள் தங்கள் பேரைச் சொல்லிக் கழித்துக்கொண்டார்கள். நாகரத்தினம் குளித்து, ஒரு வாடாமல்லிக் கலர் சேலை கட்டி, தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். தட்டில் செல் தட், தட் என்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார், தொண்டையைச் செருமினார், வாயைத் திறந்தார்.

"அண்ணே, சொல்லாதீக" என்றாள் நாகரத்தினம்.

அவள் அப்படிச் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அண்ணாச்சி திறந்த வாயை மூட மறந்து நின்றார்.

"என்னத்தா இது? இதுக்காகத்தான இவ்வளவு பாடும். பேரு வேண்டாமா ஒனக்கு?"

"பேரைச் சொன்னா நின்னுரும்ல?"

"நிக்கத்தான் செய்யும்."

"புள்ள ஓடிக்கிட்டு இருக்குண்ணே. இப்பத்தான் வேகம் புடிச்சிருக்கு. தங்கச்சி, நீ கையை வச்சுப் பாரு. ஓடுற புள்ளையைப் பின்னால இருந்து பேரு சொல்லிக் கூப்பிடலாமா? நல்ல காரியத்துக்குக் கெளம்புறவுகளை யாராச்சும் பின்னால கூப்பிடுவாகளா?"

வீட்டைவிட்டு இறங்கியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தாய்ப்பாலோடு வந்த பாடம். அப்படி இருந்தும் ஊர் கூடி, வேட்டு வாங்கி, அதைத்தான் செய்ய வந்திருந்தார்கள். தீக்குச்சியோடு நின்றவர் குச்சியைக் கீழே போட்டார். அண்ணாச்சி காகிதத்தை மடித்து, நாகரத்தினத்தின் கையில் வைத்தார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். பிரித்துப் பார்த்தாள், உதடு அசையாமல் படித்தாள், வாய்க்குள் வைத்து மென்று விழுங்கிவிட்டாள். காகிதத்தைத்தான்.

"யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்று தங்கபுஷ்பத்தைப் பார்த்துச் சொன்னாள். "போதும் தாயி. நீ சொன்னதைச் செஞ்சுட்ட. இது ரிப்பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓடட்டும்."

பிறகு அவள் செல்லைத் தட்டிலிருந்து எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஊர் நின்றது. எங்கேயோ ஒரு மைதானத்தில் ஒருத்தி ஓடிக்கொண்டிருக்க, இங்கே அவள் ஓடி முடிக்கும்வரை எண்ணூறு தொள்ளாயிரம் பேர், கைக்குழந்தைகள் உட்பட, அசையாமல் நின்றார்கள். தங்கபுஷ்பம் தன் கையை நாகரத்தினத்தின் கைமேல் வைத்திருந்தாள். வலது கால், இடது கால், வலது கால், இடது கால் என்று அது வந்தது. கடைசிச் சுற்றில் வேகம் எகிறியபோது நாகரத்தினம் தன்னையறியாமல் "ஓடு ஆத்தா" என்று முணுமுணுத்தாள், அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது, அதைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. தங்கபுஷ்பத்துக்கோ, இது என் கடையில் வாங்கிய செல் என்று ஒவ்வொருவரையும் பிடித்துச் சொல்லவேண்டும்போல இருந்தது. ஐந்து நாற்பத்தெட்டுக்கு ஓட்டம் தணிந்து, நடையாகி, நின்றது.

ஒருத்தரும் கை தட்டவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்து, அன்றைக்கு அரைமணி தாமதமாக முதல் வண்டியை எடுத்தார். அண்ணாச்சி அடுப்பைத் தூண்டினார். நாகரத்தினம் செல்லை இடுப்பில் செருகிக்கொண்டு, வாடாமல்லிச் சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிக் கட்டி, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தப் பேர் அதன்பிறகு மாசானமுத்து அண்ணாச்சி மூலமாக மெல்லக் கசிந்து ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் ஒருவர்கூட அதை வாய்விட்டு உச்சரிப்பதில்லை. பத்திரிகையில் அவள் படம் வந்தால் விரலால் தொட்டுக் காட்டுவார்கள், பேரிருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார்கள். இத்தனை நேரம் இந்தக் கதையைச் சொன்னவனுக்கும் அந்தப் பேர் தெரியும், அவனும் சொல்லப்போவதில்லை. அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள்.